நியூரம்பெர்க் பழைய நகரத்தைப் பார்க்க வழிகாட்டி தேவையா?

மியூனிக்கில் வேலை செய்கிறீர்கள், டிசம்பர் முதல் வாரத்தில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், அவர்களை ஒரு நாள் நியூரம்பெர்க் கூட்டிப்போகப் போகிறீர்கள். வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் நடக்கிற டூருக்குக் காசு கொடுக்கலாமா, இல்லை போனில் ஒரு ஆப் போதுமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடிதத்தின் கடைசி வரியில், "அங்கே இருப்பதெல்லாம் போருக்கு அப்புறம் கட்டியது என்கிறார்களே, அப்படியானால் என்ன பார்க்க இருக்கிறது?" என்று போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் டூர் வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு பண்ணிவிடுவீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பதினான்கு வருஷமாக இந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம், சனி ஞாயிறுகளில் எட்டு வருஷமாக ஆங்கிலத்திலும், கேட்டால் தமிழிலும், ஆட்களைக் கூட்டிக்கொண்டு பழைய நகரத்தில் நடக்கிறேன். இதற்காக ஒரு குளிர்காலம் முழுக்க மாலை வகுப்புக்குப் போய்த் தேர்வும் எழுதினேன். ஆகவே "வழிகாட்டி வேண்டும்" என்று நான் சொன்னால் அதில் கொஞ்சம் சுயநலம் கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள். அப்புறம், நான் சொல்வது இந்த ஓர் ஊருக்குத்தான். ரோத்தன்பர்க்குக்கும் ரேகன்ஸ்பர்க்குக்கும் இதையே அளவுகோலாக வைக்காதீர்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. 1945 ஜனவரி 2 இரவு, பிரிட்டிஷ் விமானப்படையின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஒரு மணி நேரத்துக்குள் இந்தப் பழைய நகரத்தைத் தரைமட்டமாக்கின. சுமார் 1,800 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள், மதிலுக்குள் இருந்த நகரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் போனது. ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆனால் அதோடு கதை முடியவில்லை. திரும்பக் கட்டியவர்கள் பழைய தெருக்களின் போக்கை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டார்கள், கூரைகளின் சரிவைக் காப்பாற்றினார்கள், பல இடங்களில் அதே சிவந்த மணற்கல்லைப் பயன்படுத்தினார்கள். வீடுகள் ஐம்பதுகளின் வீடுகள், தெருக்களோ நானூறு ஐந்நூறு வருஷத்துத் தெருக்கள். பிராங்க்பர்ட்டில் ரோமர் சதுக்கத்தின் ஒரு பக்கம் முழுக்க எண்பதுகளில் பழைய வீடுகளைப் போலவே நகல் எடுத்துக் கட்டினார்களே, அந்த மாதிரி இங்கே பெரும்பாலும் செய்யவில்லை. அதனால்தான் முதன்முறை வருகிறவர்களுக்குக் குழப்பம். ஒரு தேவாலயம் பதினான்காம் நூற்றாண்டு என்று பலகை சொல்கிறது, ஒட்டியிருக்கிற கட்டடம் தபால் ஆபீஸ் மாதிரி இருக்கிறது.

ஆப் எங்கே தோற்கிறது என்றால் இங்கேதான். அது ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் உங்களை நிறுத்தி, அது கட்டப்பட்ட வருஷத்தைச் சொல்லும். இந்த ஊரில் வேண்டியது இன்னொரு விஷயம்: உங்கள் கண் முன்னால் இருப்பதில் எது பழசு, எது ஒட்டு, எது நகல், எது இல்லாமலே போனது. லோரன்ஸ் தேவாலயத்துக்குள் மேலிருந்து தொங்குகிற மரச்சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வானதூதர் கன்னி மரியாளுக்குச் செய்தி சொல்கிற காட்சி, ஃபைட் ஷ்டோஸ் என்ற சிற்பி 1517-18-ல் செதுக்கியது. அது 1817-ல் கீழே விழுந்து உடைந்து, ஒட்டி மாட்டப்பட்டது. போர்க்காலத்தில் கோட்டைப் பாறைக்கு அடியில் குடைந்த பதுங்கறையில் இருந்தது. தேவாலயத்தின் கூரை போனது, சிற்பம் பிழைத்தது. இதே பதுங்கறையில்தான் போலந்தின் கிராகோவ் நகரத்திலிருந்து நாஜிகள் கொள்ளையடித்துக்கொண்டு வந்த, இதே ஷ்டோஸின் பெரிய பீடச் சிற்பமும் இருந்தது. போர் முடிந்ததும் 1946-ல் அது திரும்பிப் போனது. அண்ணாந்து பார்க்கும்போது இதையெல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால் அது வேறு சிற்பமாகத் தெரியும். அதே தேவாலயத்தில் ஆடம் கிராஃப்ட் செதுக்கிய சுமார் 20 மீட்டர் உயரக் கல்கோபுரத்தின் அடியில், மொத்தத்தையும் முதுகில் தாங்குகிற மாதிரி ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், கையில் சிற்றுளி. அது சிற்பி தன்னையே செதுக்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். சாத்தியம்தான், ஆனால் "என்று கருதுகிறார்கள்" என்பதோடு நிறுத்துவது நல்ல பழக்கம்.

நல்ல வழிகாட்டியையும் சுமாரான வழிகாட்டியையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் நான் ஒரே இடத்தைச் சொல்வேன், ஹாப்ட்மார்க்ட், அதாவது பெரிய சந்தைச் சதுக்கம். நீங்கள் வருகிற சமயத்தில் அங்கே கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும், சிவப்பு வெள்ளைத் துணிக்கூரை போட்ட கடைகள். சதுக்கத்தின் கிழக்கே ஃப்ராவென்கிர்ஷே என்ற தேவாலயம். தினமும் பகல் 12 மணிக்கு அதன் முகப்பில் இருக்கிற கடிகாரத்துக்கு அடியில் ஏழு பொம்மைகள் வெளியே வந்து, நடுவில் உட்கார்ந்திருக்கிற பேரரசரை மூன்று சுற்று சுற்றிவிட்டு உள்ளே போகும். பேரரசர் நான்காம் கார்ல், 1356-ல் அவர் வெளியிட்ட பொன் முத்திரை ஆணை, அதன்படி பேரரசரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை பெற்ற ஏழு பேர், இதுதான் அந்தப் பொம்மைகளின் அர்த்தம். கடிகாரம் 1509-ல் முடிந்தது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள், எல்லா டூரும் இதைச் சொல்லும்.

ஆனால் அந்தச் சதுக்கமே எப்படி வந்தது என்பதுதான் விஷயம். அங்கே யூதர்களின் குடியிருப்பு இருந்தது. அதை இடித்துச் சந்தைக்கு இடம் எடுத்துக்கொள்ள அதே நான்காம் கார்ல் 1349 நவம்பரில் அனுமதி கொடுத்தார். டிசம்பர் 5 அன்று குறைந்தது 562 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்த இடத்தில்தான் இந்தத் தேவாலயம் எழுந்தது. உள்ளே போய்ப் பீடத்துக்குப் பக்கத்துத் தரையைப் பாருங்கள், தாவீதின் நட்சத்திரம் ஒன்று பதித்திருக்கும். நீங்கள் டிசம்பர் முதல் வாரத்தில் வருகிறீர்கள், அதே நாட்கள். அப்புறம் 1933-லிருந்து 1945 வரை இந்தச் சதுக்கத்துக்குப் பெயர் அடால்ஃப் ஹிட்லர் சதுக்கம், நாஜிக் கட்சி அணிவகுப்புகள் இதன் வழியாகத்தான் போயின. கொஞ்ச தூரத்தில் இருந்த பெரிய தொழுகைக்கூடத்தை 1938 ஆகஸ்டிலேயே இடித்துவிட்டார்கள், நாடு முழுக்க யூதர்கள் மேல் நடந்த நவம்பர் வன்முறைக்கு மூன்று மாதம் முன்னாலேயே. பொம்மைகளைக் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் சாசேஜ் கடைப் பக்கம் நகர்கிறவர் உங்கள் காசுக்குத் தகுதியானவர் இல்லை என்பது என் கட்சி. சிலர் "விடுமுறைக்கு வந்தவர்களை ஏன் சங்கடப்படுத்த வேண்டும்" என்பார்கள். அந்த வாதம் எனக்குப் புரிகிறது, ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அதே சதுக்கத்தின் மூலையில் அழகிய நீரூற்று, கோபுரம் மாதிரி சுமார் 19 மீட்டர். அதன் இரும்புக் கிராதியில் ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. சுற்றிவிட்டு மனசில் நினைத்தால் நடக்கும் என்பார்கள், வரிசையில் நின்று சுற்றுவார்கள், பொறுமையாகக் காத்திருந்தால் உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து "இது சுற்றுலாக்காரர்களுக்கு, நிஜ வளையம் எதிர்ப்பக்கம் இருக்கிற கறுப்பு இரும்பு வளையம்" என்று ரகசியம் மாதிரி சொல்லிவிட்டுப் போவார். கொல்லனின் மகளைக் கட்ட ஆசைப்பட்ட வேலையாள் ஒரே இரவில் இணைப்பே தெரியாமல் வளையத்தைக் கோத்தான் என்பது கதை. கதை, அவ்வளவுதான். அம்மாவைச் சுற்றச் சொல்லுங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்த நீரூற்றே இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் செய்த நகல், பதினான்காம் நூற்றாண்டு மூலத்தின் மிச்சங்கள் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்பதையும் வழிகாட்டி சொல்ல வேண்டும். ஒரு வேடிக்கை, சுற்றி எல்லாம் எரிந்தபோது இந்த நகல் மட்டும் கான்கிரீட் உறைக்குள் பத்திரமாக நின்றது.

கட்டுக்கதை விஷயத்தில் எனக்கே ஓர் அனுபவம். இங்கே வந்த புதிதில் நானும் ஒரு டூருக்குப் போனேன். நல்ல குரல், நல்ல நகைச்சுவை. நகராட்சி மன்றத்துக்கு முன்னால் நின்று, இரும்புக் கன்னி என்ற, உள்பக்கம் ஆணி வைத்த ஆள் உயரப் பெட்டிக்குள் குற்றவாளிகளை அடைத்துக் கொன்ற ஊர் இது என்று விவரமாகச் சொன்னார். நான் ஊருக்கு போன் பண்ணி எல்லோரிடமும் சொன்னேன். பின்னால் வகுப்புக்குப் போனபோதுதான் தெரிந்தது, அப்படி ஒரு கருவி இடைக்காலத்தில் இருந்ததற்கு ஆதாரமே இல்லை. 1515-ல் கள்ளநாணயம் அடித்த ஒருவனை இதில் கொன்றார்கள் என்ற கதை முதன்முதலில் வருவது 1793-ல், சீபன்கேஸ் என்ற பேராசிரியர் எழுதியதில். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய அந்தப் பெட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்சிக்காகச் சேர்த்துக் கட்டியது. நிஜம் வேறு மாதிரி கொடுமை. அதே நகராட்சி மன்றத்துக்கு அடியில் பதினான்காம் நூற்றாண்டுச் சிறை இருக்கிறது, ஒருவர் படுக்கிற அளவுக்கு இருட்டு அறைகள், கையைப் பின்னால் கட்டித் தூக்கிக் கல் கட்டித் தொங்கவிடுகிற சித்திரவதை அறைக்கு "தேவாலயம்" என்று பட்டப்பெயர். பராமரிப்புக்காக மூடுவது உண்டு, வருவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொலைத்தண்டனை நிறைவேற்றியவரைப் பற்றி இரத்தம் சொட்டச் சொட்டக் கதை சொல்கிறவர்களும் நிறைய. ஆனால் ஃப்ரான்ஸ் ஷ்மிட் என்ற அந்த ஆள் சுமார் நாற்பது வருஷம் தான் செய்ததை எல்லாம் குறித்து வைத்திருக்கிறார், அதன் பிரதிகள் கிடைக்கின்றன. அவர் ஆற்றின் மேல் ஒதுக்கமாக ஒரு வீட்டில் இருந்தார், ஊரில் யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். எலும்பு முறிவுக்கு, காயத்துக்கு மருந்து மட்டும் அவரிடம் போய் வாங்கிக்கொள்வார்கள். வேலையை விட்ட பிறகு தன் குடும்பத்தின் மானத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பேரரசருக்கு மனு எழுதி, 1624-ல் வாங்கியும் விட்டார். இது நம் ஆட்களுக்கு விளக்கமே இல்லாமல் புரிகிறது. போன வருஷம் ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டுப் பாலத்தில் நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது. ஜெர்மனியில் ஊர் வழிகாட்டி என்பது உரிமம் தேவைப்படும் தொழில் இல்லை. நாளைக்கே நீங்கள் ஒரு குடையைத் தூக்கிக்கொண்டு ஆரம்பிக்கலாம். அதனால் சான்றிதழ் எதையும் உத்தரவாதம் செய்யாது, ஆனால் ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார் என்று காட்டும். வழிகாட்டிகளுக்கு பி.வி.ஜி.டி. என்ற தேசியக் கூட்டமைப்பு 1994-லிருந்து இருக்கிறது. இந்த ஊரில் 1985-ல் ஆரம்பித்த கெஷிஷ்டே ஃபியூர் அல்லே (Geschichte Für Alle) என்ற சங்கமும் இருக்கிறது, பெயருக்கு "எல்லோருக்கும் வரலாறு" என்று அர்த்தம், அவர்களுடைய நடைகளில் நாஜி காலத்தைப் பற்றியவற்றை நான் தயங்காமல் சொல்வேன். தேடும்போது ஷ்டாட்ஃபியூருங் (Stadtführung, ஊர் சுற்றிக் காட்டுவது) என்ற ஜெர்மன் சொல்லைப் போட்டுத் தேடுங்கள், ஆங்கிலத்தில் தேடினால் பாதி கிடைக்காது. பொதுவான டூருக்கு ஆளுக்குப் பத்துப் பதினைந்து யூரோ போல ஆகும். தனியாக அமர்த்தினால் தலைக்கணக்கு இல்லை, குழுவுக்கு ஒரே தொகை, நூறு யூரோவுக்கு மேல் போகும். மூன்று பேருக்கு அது வலிக்கும், இன்னொரு குடும்பம் சேர்ந்தால் சமாளிக்கலாம். "இலவச டூர்" என்று வருபவை இலவசம் இல்லை, முடிவில் மனசுக்குத் தோன்றியதைக் கொடுப்பது. அதில் நல்லவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் வருமானம் மொத்தமும் கடைசி ஐந்து நிமிஷத்தில் உங்கள் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, இரும்புக் கன்னி ஏன் சாகாமல் இருக்கிறாள் என்பதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. நீங்கள் மொழிபெயர்க்கப் போகிறீர்கள், அதனால் எல்லாவற்றுக்கும் இரண்டு மடங்கு நேரம் ஆகும், முப்பது பேர் கூட்டத்தில் நீங்கள் பாதி சொல்வதற்குள் குடை அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஆகவே உங்கள் விஷயத்தில் பொது டூர் வேண்டாம் என்பேன். தனி வழிகாட்டி, ஆறு இடம் மட்டும், ஒன்றரை மணி நேரம். கட்டுப்படியாகாது என்றால் இன்னொரு வழி: நீங்கள் ஒரு சனிக்கிழமை தனியாக வந்து பொது டூரில் நடந்து கேட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் அவர்களுக்கு நீங்களே வழிகாட்டி. ஆப்பை விட இது எவ்வளவோ மேல். ஒரு மகனோ மகளோ சொல்கிற கதையைப் பெற்றவர்கள் கேட்கிற மாதிரி வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

நடை விஷயம். ரயில் நிலையத்திலிருந்து ஊர் சரிந்து ஆற்றுக்கு இறங்கி, அப்புறம் கோட்டை வரை ஏறுகிறது. தூரம் ஒன்றரை கிலோமீட்டர் போலத்தான், ஆனால் கடைசிப் பகுதி செங்குத்து, கருங்கல் பாவிய தெரு, ஈரமானால் வழுக்கும். முட்டி வலி இருக்கிறவர்களை எல்லா டூரும் போகிற திசையிலேயே ஏற்றாதீர்கள். டாக்சியில் நேராக மேலே போய், கோட்டையிலிருந்து இறங்கி வாருங்கள். குளிர்காலத்தில் கோட்டை மாலை 4 மணிக்கே மூடிவிடும், நாலேகாலுக்கெல்லாம் இருட்டும் வந்துவிடும், அதற்கும் இந்தத் திசைதான் சரி. மேலே ஒரு ஆழ்கிணறு இருக்கிறது, பாறையில் வெட்டிய சுமார் 50 மீட்டர். உள்ளே தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்கள், மூன்று நான்கு நொடி கழித்துத்தான் சத்தம் வரும். கோட்டையில் வேறு எதற்கும் அசையாத அம்மாக்கள் இந்தக் கிணற்றில் எட்டிப் பார்த்துவிட்டு நம் ஊர்க் கிணறு பற்றிப் பேச ஆரம்பிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வெளியே மதிலில் குதிரைக் குளம்புத் தடம் காட்டுவார்கள், எப்பெலைன் என்ற கொள்ளைக்காரப் பிரபு தூக்குமேடையிலிருந்து தப்பி அகழியைத் தாண்டிக் குதித்த இடம் என்று. எப்பெலைன் நிஜம், 1381-ல் பிடித்து, நோய்மார்க்ட் என்ற ஊரில் கொன்றார்கள் என்பதும் நிஜம். குதி மட்டும் ஊரார் சேர்த்தது.

கோட்டையிலிருந்து இறங்கினால் டியூரர் வீடு, ஓவியர் 1509 முதல் 1528-ல் இறக்கும் வரை இருந்த நிஜ வீடு. அங்கிருந்து ஐந்து நிமிஷத்தில் வைஸ்கெர்பர் தெரு, குண்டுவீச்சில் தப்பிய தோல் பதனிடுவோர் வீடுகளின் வரிசை. "பழைய நகரம்" என்று நீங்கள் மனசில் வைத்திருப்பது இந்தத் தெருதான், இதை முதலில் காட்டினால் மற்றது எல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று அவர்களே கற்பனை பண்ணிக்கொள்வார்கள். பாறைக்குள் குடைந்த பியர் நிலவறைகளும், நான் சொன்ன கலைப் பதுங்கறையும் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், படிகளும் குளிரும் அதிகம், பெரியவர்களோடு வேண்டாம்.

நாஜி பேரணி மைதானத்தையும், 1945 நவம்பர் 20-லிருந்து நாஜித் தலைவர்கள் மேல் விசாரணை நடந்த 600-ஆம் எண் நீதிமன்ற அறையையும் அதே நாளில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் பழைய நகரத்துக்கு வெளியே, எதிரெதிர்த் திசையில். ஒரு நாளில் ஒன்றைச் சேர்ப்பதே அதிகம். அவசரமாகப் பார்க்கிற இடமும் இல்லை. தனியாக இன்னொரு முறை வாருங்கள்.

சந்தையில் வாங்குகிற லெப்குஹனில், அதாவது இந்த ஊர் மசாலா கேக்கில், பெரும்பாலும் முட்டை உண்டு, சைவம் என்றால் கேட்டு வாங்குங்கள். அதன் மணத்துக்கு ஏலம், கிராம்பு, பட்டை எல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்டால், இந்த ஊர் வியாபாரிகளுக்கு "மிளகு மூட்டைகள்" என்றே பட்டப்பெயர் இருந்தது என்றும், இம்ஹோஃப் முதலான நியூரம்பெர்க் குடும்பங்கள் 1505-ல் இந்தியாவுக்குப் போன போர்த்துகீசியக் கப்பல்களில் பணம் போட்டார்கள் என்றும் சொல்லுங்கள். சூடான பானம் வாங்கும்போது கோப்பைக்கும் சேர்த்து வைப்புத்தொகை வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு திரும்ப வரும். பழச்சாற்றில் செய்கிற மது இல்லாத வகைக்கு கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள்.

வார நாளில் வாருங்கள், சனி ஞாயிறில் அந்தச் சதுக்கத்தில் பொம்மைகளைப் பார்க்க முடியாது, தலைகளைத்தான் பார்க்கலாம். பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா முழுக்க வட்டார ரயிலில் ஒரு நாள் போகிற டிக்கெட், வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், வட்டார ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் போல ஆகும். ஆக, ஒன்பதேகாலுக்குள் மியூனிக்கில் ரயில் ஏறிவிட்டால் பதினொன்று வாக்கில் இறங்கி, முதலில் மெதுவாக லோரன்ஸ் தேவாலயம், 12 மணிக்குப் பொம்மைகள், சாப்பாடு, ஒன்றரைக்கு டாக்சியில் கோட்டை, கிணறு, அப்புறம் இறக்கம். வழிகாட்டியை ஒன்றே முக்காலுக்குக் கோட்டை வாசலுக்கு வரச் சொல்லுங்கள். நவம்பர் நடுவிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள், டிசம்பரில் நாங்கள் யாரும் சும்மா இருக்க மாட்டோம்.